ஓடுதா, நின்னுடுச்சா, மாத்தணுமா?

அத்தியாயம் 14

மெழுகு இளகிக்கொண்டிருக்கும்போது யாரும் ஃபோனைத் தொடக் கூடாது என்பது லேபில் சட்டம். சட்டத்தைப் போட்டவளே பல்லுக்காரிதான். அன்றைக்கு அவளே அதை மீறினாள்.

கூப்பிட்டது அவள் வீட்டுக்காரர். வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிறார் என்றால் ஒன்று, யாருக்காவது உடம்புக்கு வந்திருக்கும். இல்லாவிட்டால் பீரோ சாவியைக் காணவில்லை என்று இருக்கும்.

"முடிச்சுட்டேன்" என்றார் எடுத்த எடுப்பில்.

"என்னத்த?"

"உன் விஷயத்தத்தான். ஜனவரியில என் காதுல சொன்னியே, அத. விமான நிலையத்துல வானிலை ஆபீஸ் பெரியவர்கிட்டப் பேசியாச்சு. நம்ம பொண்ணு திங்கக்கிழமை போய் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னுட்டார். வீட்லேருந்தே போய்ட்டு வரலாம். நீ வாயத் தொறக்காத. சாயங்காலம் நானே சொல்றேன்."

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மெழுகு விரலில் ஒட்டிச் சுட்டது. அதைக்கூட அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

வாராவாரம் வருகிறவர்களுக்கு இந்த வீட்டை நன்றாகத் தெரியும். இன்றைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் கொஞ்சம் இப்படி நகர்ந்து உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

வீட்டில் மூன்றே பேர். லிஃப்ட்காரர் ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்ப்பவர். அவர் மனைவி பல் செட் செய்யும் லேபில் தலைமை டெக்னீஷியன். 'பல்லுக்காரி' என்று கணவர் கேலியாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரே மகள் வானிலைப் படிப்பு முடித்தவள். வெயில் கொளுத்தும் நாளிலும் எல்லோர் கையிலும் குடையைத் திணிப்பதால் குடைக்காரி. போன வாரம் அவளுக்கு ஒரு மெயில் வந்தது. எங்கோ தொலைவில், மலை உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை. அங்கே மொத்தமே நாலைந்து பேர்தான் இருப்பார்களாம். சேருவது அடுத்த மாசக் கடைசிவாக்கில் இருக்கும் என்று போட்டிருந்தது. இன்று இரவுக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும். அங்கேதான் போன வாரம் விட்டோம்.

இனி, அந்தக் காது விஷயம்.

இது லிஃப்ட்காரர் கண்டுபிடிப்பு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொன்னார்: "லிஃப்டுக்கே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கயிறு பாக்கறோம். மனுசனுக்கு வேண்டாமா?" அன்றிலிருந்து புத்தாண்டுக் காலையில் ஒவ்வொருவரும் தன் ஆசை ஒன்றை இன்னொருவர் காதில் சொல்லிவிட வேண்டும். கேட்டவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், மூச்சு விடக் கூடாது. ஜூன் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யார் காதில் ஆசை இருக்கிறதோ அவர் கேட்பார்: "ஓடுதா, நின்னுடுச்சா, மாத்தணுமா?" மூன்றில் ஒரு பதில்தான். விளக்கம் கிடையாது. 'மாத்தணும்' என்றால் தூங்கப் போவதற்குள் புது ஆசையைச் சொல்லிவிட வேண்டும். எந்த ஆசை என்ன என்பது டிசம்பர் கடைசி நாளில்தான் வெளியே வரும்.

ஒரு வருஷம் லிஃப்ட்காரர் எழவு வீட்டு முகத்தோடு "நின்னுடுச்சு" என்றார். பல்லுக்காரி ஆறு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் பார்த்தால், அவர் ஆசைப்பட்டது பெரிய மீசை. அது உதட்டோரத்தில் வளராமல் நின்றுவிட்டதாம். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்றைக்கு அந்த ஜூன் சனிக்கிழமை. இந்த வருஷம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற மாதிரி இல்லை. புத்தாண்டுக் காலையில் பல்லுக்காரிதான் முதலில் கணவர் காதில் சொன்னாள்: "இவ நம்மள விட்டு எங்கயும் போகக் கூடாதுங்க." சொல்லி முடித்து நிமிர்வதற்குள் மகள் வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "தூரமா எங்கயாவது தனியாப் போய் இருக்கணும்மா. உங்கமேல கோவமெல்லாம் இல்ல. என்னால முடியுதான்னு பாக்கணும், அவ்வளவுதான்." கடைசியாக லிஃப்ட்காரர் மகள் காதில் ஏதோ சொன்னார். அவள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்து, அவர் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஆக, ஆறு மாதமாகப் பல்லுக்காரி ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு ஆசைகளைச் சுமந்துகொண்டு நடமாடுகிறாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று அவளை நம்பிக் கொடுத்தது.

லிஃப்ட்காரருக்கு இது எதுவும் தெரியாது. எது நின்றாலும் கேள்வி கேட்காமல் போய்ச் சரி செய்வது அவர் சுபாவம். மனைவி ஒன்று கேட்டாள். பழுது எங்கே என்று பார்த்தார். ஊருக்குள் வேலை இல்லாததால்தான் பெண் மலைக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். ஊருக்குள் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

ஆசைப்பட்டது வீடு தேடி வந்திருக்கிறது. பல்லுக்காரிக்கு ஏன் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை?

அன்று அவள் கையில் இருந்தது ஒரு பெண்மணியின் முழுப் பல் செட். போன தடவை மாட்டிப் பார்க்கக் கொடுத்தனுப்பியது திரும்பி வந்துவிட்டது. டாக்டர் ஃபோனில் சொல்லிச் சிரித்தார். "முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு சந்து வேணுமாம்மா. சின்ன வயசுலேருந்து இருந்ததாம். அது இல்லாம சிரிச்சா, வீட்டுக்காரர் யாரோ அடுத்த வீட்டு ஆளப் பாக்கற மாதிரிப் பாக்கறாராம்."

லேபில் எல்லோரும் சிரித்தார்கள். பல்லுக்காரியும் வாயைக் கோணிச் சிரித்து வைத்தாள். பிறகு ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, ஒரு பல்லை மயிரிழை தள்ளி வைத்தாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இப்போது அந்த வெறும் பல் வரிசைக்கு ஒரு குறும்பு வந்துவிட்டது. அந்த மனிதர் இதைத்தான் தேடியிருக்கிறார்.

பல்லுக்காரியை அப்படி யாராவது தேடி எவ்வளவு நாளாயிற்று? லிஃப்ட்காரருக்கு எந்த நேரமும் ஃபோன் வரும். எந்த லிஃப்டாவது எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும். அவர் வரும்போது இவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வது சாவி, தண்ணீர் மோட்டார், மகள். முக்கியமாக மகள். சாப்பிட்டாளா, வந்துவிட்டாளா, குடையை எங்கே விட்டாள். அந்த மகளை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் தங்கள் இருவருக்கும் பேச என்ன மிஞ்சும் என்று அவளுக்குப் பயம். ஜனவரியில் அந்தப் பயம்தான் அவர் காதில் பேசியது. பாசம் என்று ஆறு மாதமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பாசமும் இருந்தது, இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் அது மட்டும் இல்லை.

மத்தியானம் லேபை மூடும் நேரத்தில் மகள் வாசலில் நின்றாள். கையில் குடை.

"வானம் வெளுப்பா இருக்கேடி" என்றாள் பல்லுக்காரி.

"நீ பல்லப் பாரும்மா, வானத்த நான் பாத்துக்கறேன்."

இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். கார் கழுவும் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, எப்போதும் போகிற வழிதான். மகள் வழக்கமாக வாய் ஓயாமல் பேசுவாள். அன்று பாதி வழி வரை வாயைத் திறக்கவில்லை.

"என்னடி, நாக்க வீட்ல வச்சுட்டு வந்துட்டியா?"

"அப்பா என் ரூம்ல புது ஜன்னல் போட்டுட்டிருக்காரும்மா."

"தெரியுமே. ரெண்டு வாரமா வீடு முழுக்கச் சிமெண்டுப் பொடி."

"எதுக்குப்பான்னு கேட்டேன். நீ வானம் பாக்கத்தான்னாரு. போகலாமா வேண்டாமான்னு இருக்கற பொண்ணுக்கு யாராவது ஜன்னல் போடுவாங்களா?"

"ஆசையாப் பண்றாரு. பண்ணிட்டுப் போகட்டும்."

"அதான் எனக்குப் புரியல." மகள் நின்றுவிட்டாள். "அவர் ஆச என்னன்னு எனக்குத் தெரியும். என் காதுலதான் இருக்கு. அதுக்கும் இந்த ஜன்னலுக்கும் சம்பந்தமே இல்ல. சொல்லப்போனா நேர் எதிர்."

"அப்படி என்னடி சொன்னாரு?" என்றாள் பல்லுக்காரி.

"டிசம்பர்."

"அம்மாகிட்டகூடவா?"

"உங்கிட்டத்தான் முக்கியமா சொல்லக் கூடாது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் மகள். "ஐயோ, இவ்வளவு சொன்னதே தப்பு. நட."

கொஞ்ச தூரம் போனதும் அவளே ஃபோனை எடுத்துக் காட்டினாள். 'சம்மதம். எப்போது வர வேண்டும்?' என்று அடித்து வைத்திருந்தாள். அனுப்பவில்லை.

"காலைலேருந்து இப்படியே இருக்கும்மா. விரல் போக மாட்டேங்குது. ராத்திரி உன் மூஞ்சி, காலைல அப்பாவோட ஜன்னல். நீ ஒரு வார்த்த சொல்லேன். போன்னு சொல்லு, இல்ல இருன்னு சொல்லு."

இரு என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. இரண்டே எழுத்து. பெற்ற வயிறு அதைத்தான் சொல்லச் சொன்னது. கேட்ட காது அதற்குச் சம்மதிக்கவில்லை.

"சாயங்காலம் மேசைல பேசுவோம்" என்றாள். அதற்குள் முதல் துளி விழுந்தது. மகள் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடையை விரித்தாள்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டீயும் பிஸ்கட்டும் மேசைக்கு வந்தன. மனிதர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்ப் எரிந்தது.

"கேள்விக்கு முன்னால ஒரு சேதி" என்றார். சொன்னார். பெரியவர் யார், அவர் எப்படி முந்தின நாள் மதிய வேளையில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார், தான் எப்படி இறக்கிவிட்டார், அப்போது பேச்சு எப்படி மகள் பக்கம் வந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "அவர் மாட்டிக்கிட்டதுக்கு நான் பொறுப்பில்ல. இறக்கிவிடக் கொஞ்சம் நேரமெடுத்தேன், அது வேணா உண்மை."

பல்லுக்காரி மகளைப் பார்த்தாள். மகள் சிரித்தாள். விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"தேங்க்ஸ்பா" என்றாள். "நீங்க ரொம்ப அலைஞ்சிருக்கீங்க."

"அலைச்சல் என்ன அலைச்சல். உன் ஜன்னல்லேருந்து பாத்தா விமானம் எறங்கறது தெரியும். காலைல பாத்துட்டு அப்படியே வேலைக்குக் கிளம்பிடலாம். சரி, ஆரம்பிங்க."

முதல் கேள்வி பல்லுக்காரியுடையது. அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஓடுதா, நின்னுடுச்சா, மாத்தணுமா?"

மகள் பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை அப்பா தட்டில் வைத்தாள்.

"மாத்தணும்" என்றாள்.

அவ்வளவுதான். முடிந்தது. மகள் மலைக்குப் போகப் போவதில்லை. இனி தினமும் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், குடை மூலையில் சொட்டும், "அம்மா பசிக்குது" என்று குரல் வரும். பல்லுக்காரி ஆறு மாதமாக ஏங்கியது இதற்குத்தான். இதோ கிடைத்துவிட்டது, அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமலே.

அவள் மகளின் வாயைப் பார்த்தாள். பழக்கதோஷம். பல் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது. சிரிப்பைத்தான் காணவில்லை. இந்தப் பெண்ணை இப்படி நம் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருந்தது அவளுக்கு.

"அடுத்தது உனக்கு" என்றார் லிஃப்ட்காரர். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, விடை தெரிந்த வாத்தியார் மாதிரி கேட்டார். "ஓடுதா, நின்னுடுச்சா, மாத்தணுமா? யோசிச்சுச் சொல்லு. சில பேருக்கு வந்தே சேந்துடும்."

"மாத்தணும்" என்றாள் பல்லுக்காரி.

நாற்காலியின் முன்கால் டக்கென்று தரையில் இறங்கியது.

"என்னது?"

"மாத்தணும்னு சொன்னேன்."

"ஏம்மா, காலைலதான ஃபோன்ல... நான் அந்தப் பெரியவர்கிட்ட..."

"விளக்கம் கெடையாது. நீங்க போட்ட சட்டம்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஜன்னல் வைத்த அறையின் பக்கம் பார்த்தார். அவருக்குக் கோபம் வருமோ என்று பல்லுக்காரி பயந்தாள். வரவில்லை. எங்கேயோ தப்பாகக் கை வைத்துவிட்டோம் என்று பழகிய தொழிலாளிக்குத் தெரிந்துவிடும். எங்கே என்று தெரியத்தான் கொஞ்சம் நேரமாகும். மெல்ல மெல்ல அவருக்குத் தெரிந்தது. காதைச் சொறிந்தார்.

"அப்ப நான் திங்கக்கிழமை பெரியவர்கிட்ட என்ன சொல்றது?"

"லிஃப்டுல மாட்டிக்கிட்டது நாங்கதான்னு சொல்லுங்க."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. கண் நிறைந்தது. "நான் சொன்ன பதில வாபஸ் வாங்கலாமா?"

"சட்டத்துல எடமில்ல" என்றார் லிஃப்ட்காரர் பலவீனமாக.

"பல் செட்டையே மாட்டிப் பாத்து, திருப்பி அனுப்பி, மறுபடி மாட்டிப் பாத்துத்தான் குடுக்கறோம்" என்றாள் பல்லுக்காரி. "அவ வாயில இருக்கறது அவளுக்குப் பொருந்தல. இன்னொரு தடவ சொல்லட்டும். இரு, நான் மறுபடி கேக்கறேன். ஓடுதா, நின்னுடுச்சா, மாத்தணுமா?"

"ஓடுதும்மா" என்றாள் மகள். இந்தத் தடவை அது சிரிப்பு. அதைப் பார்த்தபோது பல்லுக்காரிக்கு உள்ளே ஏதோ அறுந்தது. அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று டீயை ஊதிக் குடித்தாள்.

மிச்சம் ஒரே கேள்வி. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குப்பா. ஓடுதா, நின்னுடுச்சா, மாத்தணுமா?"

லிஃப்ட்காரர் வெகுநேரம் டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, மகளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

"நின்னுதான் கெடந்துது" என்றார். "இப்பக் கொஞ்சம் அசையற மாதிரி இருக்கு. ஓடுதுன்னே வச்சுக்கோ."

"அப்பா, வாயத் தொறந்து அவங்களக் கேளுங்களேன்!"

"எவங்கள?" என்றாள் பல்லுக்காரி.

"டிசம்பர்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அப்போது அவர் ஃபோன் அடித்தது. வேறு எப்போது அடிக்கும்? யாரோ ஒரு பெண் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி, அடுக்கு வீடு. லிஃப்ட்காரர் எழுந்து பையை எடுத்தார். செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"நீயும் வரியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பல்லுக்காரி தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"நானா? நான் வந்து என்ன பண்றது?"

"கூட வர்ற ஆள் இன்னிக்கு லீவு" என்று அசடு வழிந்தார் அவர். "நான் மேல மோட்டார் ரூமுக்குப் போய்டுவேன். உள்ள இருக்கறவங்க பயந்துப்பாங்க. கதவுக்கு வெளிய நின்னு யாராவது பேசிட்டே இருக்கணும்."

"போம்மா" என்றாள் மகள். "வீட்ட நான் பாத்துக்கறேன். பழகிக்கணுமில்ல."

அடுக்கு வீட்டின் மூன்றாவது மாடியில் அவளை நிறுத்திவிட்டு, லிஃப்ட்காரர் படியேறி மேலே போனார். மூடிய இரும்புக் கதவின் முன்னால் பல்லுக்காரி தனியாக நின்றாள். உள்ளே யாரோ விசும்பிக்கொண்டிருந்தார்கள். இளம் குரல்.

"பயப்படாதம்மா" என்றாள் கதவைப் பார்த்து. "எங்க வீட்டுக்காரர் மேல இருக்கார். கையால சக்கரத்தச் சுத்தி எறக்கிடுவார். கெட்டிக்காரர்."

கெட்டிக்காரர் என்று அவரைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது.

"நீங்க போய்ட மாட்டீங்களே?" என்றது குரல்.

"போக மாட்டேன். இங்கயேதான் நிக்கறேன். வீட்ல யாருக்காவது சொல்லணுமா?"

"யாருமில்ல. தனியாத்தான் இருக்கேன். இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பயந்துடுவாங்க."

"உங்கம்மாவ எனக்குத் தெரியாதேம்மா."

"தெரிஞ்சாலும் சொல்லிடாதீங்க."

பல்லுக்காரி கதவில் உள்ளங்கையை வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. "சொல்லல" என்றாள். "நீ கொஞ்சம் சிரி. நான் பல் செட் பண்றவ. சிரிப்புச் சத்தத்த வச்சே பல்லு எப்படின்னு சொல்லிடுவேன்."

விசும்பல் நின்றது. பிறகு நம்பாத ஒரு சிரிப்பு வந்தது.

"முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் தூக்கல். சரியா?"

"ஐயோ, எப்படிங்க!"

அது குருட்டாம்போக்கில் அடித்தது. ஆனால் உள்ளே இருந்தவள் அழுகையை மறந்துவிட்டாள். அவள் பல்லைப் பற்றியும் வேலையைப் பற்றியும் தனியாகச் சமைத்துக் கருகவிட்டதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே நின்ற பல்லுக்காரியின் கன்னம் நனைந்திருந்தது. ஊரில் எங்கேயோ இவள் அம்மா இந்நேரம் விளக்கைப் போட்டிருப்பாள் என்று நினைத்தாள். நாளைக்கு மலையில் நம் பெண்ணுக்கு ஒன்றென்றால், கதவுக்கு வெளியே எந்த மகராசி நிற்பாளோ.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி மெல்ல இறங்கி நேராக நின்றது. கதவு திறந்தது. வெளியே வந்த பெண்ணுக்கு முன்பல் நிஜமாகவே கொஞ்சம் தூக்கல்தான். அவள் பல்லுக்காரியின் இரண்டு கையையும் பிடித்து ஆட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

லிஃப்ட்காரர் மேலேயிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் கிரீஸ். கடைசிப் படியில் நின்றார்.

"என்ன சிரிப்புச் சத்தம் மேல வரைக்கும் கேக்குது? என் லிஃப்டுல மாட்டிக்கிட்டு யாரும் இதுவர சிரிச்சதில்ல."

அவள் அவரைப் பார்த்தாள். நரை, கிரீஸ், உதட்டோரத்தில் வளராமல் நின்ற மீசை. எத்தனையோ நாள் கழித்து நன்றாகப் பார்த்தாள்.

"தூங்கறதுக்குள்ள புதுசு சொல்லணும்ல?" என்றாள். "இங்கயே சொல்லிடறேன். குனிங்க."

அவர் குனிந்தார். அவள் கையைக் குவித்து அவர் காதில் சொன்னாள். "நீங்களும் நானும் மட்டும் எங்கயாவது போகணுங்க. ஃபோன் இல்லாம. பேச ஒண்ணுமில்லன்னாலும் பரவால்ல, போகணும்."

லிஃப்ட்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க? தப்பா எதாவது கேட்டுட்டேனா?"

"இல்ல... இல்ல." புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. "உன் பொண்ணு ஜனவரியில என் கன்னத்தக் கிள்ளினாளே, ஞாபகமிருக்கா? ஏன்னு டிசம்பர்ல சொல்றேன்."

பல்லுக்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

அவள் ஃபோன் முனகியது. மகள்.

'அம்மா, அனுப்பிட்டேன். உடனே பதில் வந்துடுச்சு. அடுத்த மாசக் கடைசி இல்லையாம். மழை முன்னாடியே வருதாம், அதுக்குள்ள ஆள் வேணுமாம். இந்த வியாழக்கிழமையே வரச் சொல்றாங்க.'

அவள் ஃபோனை அவர் பக்கம் நீட்டினாள். கையில் கிரீஸ் இருந்ததால் அவர் தொடாமலே படித்தார். திரும்பவும் படித்தார்.

"வியாழன்னா..." என்று ஆரம்பித்தவர் விரலை மடக்கப் போய் விட்டுவிட்டார்.

"எழுந்திரிங்க" என்றாள் பல்லுக்காரி. "வீட்டுக்குப் போலாம். சீக்கிரம்."

சரி செய்த லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் நின்றது. அது மூடி, கீழே இறங்கித் திறக்கும் வரை காத்திருக்க இருவருக்கும் பொறுமையில்லை. அவள் அவருடைய கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். படியிலேயே இறங்கி ஓடினார்கள்.